புதுப்பிப்பு: நான்கு வரிக்கு ஒருமுறை செய்யும் திருத்தம், விம் மேக்ரோவில்

டிஎன்ஏ வரிசைகளைச் சேமிக்கும் ஃபாஸ்ட்க்யூ (FASTQ) கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டும் 4 வரி. அந்த ஒவ்வொரு 4 வரிக்கும் முதலாவதாக வரும் தலைப்பு வரியின் கடைசியில் மாதிரியின் பெயரைச் சேர்க்க வழி கேட்டிருந்தேன். தலைப்பு வரி '@' குறியில் தொடங்குவதால், அதைத் தேடி மாற்றலாமே என்று சிலர் சொன்னீர்கள். அது ஆபத்து. நான்காவது வரியான தர மதிப்பெண் வரியும் (டிஎன்ஏவின் ஒவ்வொரு எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் வரி) '@' குறியில் தொடங்கலாம். வரி எண்ணை நம்புவதுதான் சரி.

விம் (Vim) என்ற எடிட்டரில் மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்ப ஓட்டக்கூடிய கட்டளைத் தொடர், பதிந்தேன்: வரிக் கடைசியில் பெயரைச் சேர், அப்புறம் 4 வரி இறங்கு. அருமையாக ஓடுகிறது. ஆனால் எத்தனை முறை ஓட வேண்டும் என்பதை, மொத்த வரிகளை 4 ஆல் வகுத்துச் சரியாகக் கொடுங்கள். கூடுதலாகக் கொடுத்தால், கடைசித் தலைப்பிலிருந்து 4 வரி இறங்க இடமில்லாமல் கர்சர் கோப்பின் கடைசி வரியில் நின்று, தர மதிப்பெண்களின் வாலில் பெயரை ஒட்டிவிடும். டிஎன்ஏ வரிசையும் தர வரியும் ஒரே நீளத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ரெக்கார்டே கெட்டுவிடும்.

பெரிய கோப்பென்றால் எடிட்டரில் திறக்கவே வேண்டாம். கோப்பைத் திறக்காமலே வரிகளை மாற்றும் குனு செட் (GNU sed) கட்டளையில் '1~4' (முதல் வரியிலிருந்து ஒவ்வொரு 4ஆவது வரியும்) என்று வரி முகவரி கொடுத்தால் போதும். மேக்கில் இருக்கும் செட்டுக்கு இது தெரியாது. அங்கே ஆக் (awk) என்ற இன்னொரு கட்டளை இருக்கிறது: வரி எண்ணை 4 ஆல் வகுத்து மீதி 1 வரும் வரிகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.