46, 47 பற்களை எடுக்கும்போது மணிக்கட்டு வலி: சேர் உயரமும் நிற்கும் இடமும், கூடவே முகாம் நாற்காலி

கேள்வி
பதிந்தவர்: ஹவுஸ்சர்ஜன்_காரைக்குடி

சீனியர்களுக்கு வணக்கம். ஓரல் சர்ஜரி போஸ்டிங். உயரம் 155 செ.மீ., வலது கைப் பழக்கம். மூன்று சந்தேகம்.

ஒன்று: 46, 47 (கீழ் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள்) எடுத்தால் மட்டும் வலது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது, கட்டைவிரல் அடிச்சதையும் கடுக்கிறது. கீழ் இடப்பக்கத்து 36, 37இல் இவ்வளவு இல்லை. எல்லாப் பல்லுக்கும் முன்னால் வலது பக்கம் நின்றுதான் எடுக்கிறேன்.

இரண்டு: மேல் பல்லுக்கு நோயாளியின் வாய் நம் தோளுக்கு 8 செ.மீ. கீழே இருக்கணும் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. இன்னொன்று முழங்கை மட்டம் என்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

மூன்று: அடுத்த மாதம் கானாடுகாத்தான் பக்கம் முகாம். பழைய காலத்து வீடு, வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) இடம் தருகிறார்கள். டென்டல் சேர் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான். கழுத்து ஒடியாமல் வேலை பார்க்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

பதில் 1
பதிந்தவர்: எலிவேட்டர்301

உங்கள் முதல் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது: "எல்லாப் பல்லுக்கும் முன்னால் நின்றுதான்". நோயாளியின் தலை உச்சியை 12 மணி என்று வைத்துக்கொண்டால், வலது கைக்காரர்கள் மேல் பற்கள் எல்லாம், கீழே முன்பற்கள், கீழ் இடப்பக்கம் ஆகியவற்றுக்கு 7-8 மணி இடத்தில் நிற்கலாம். கீழ் வலப்பக்கக் கடைவாய்க்கு அது ஒத்துவராது. பல் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது, வாயோரம் குறுக்கே வருகிறது. ஃபோர்செப்ஸை (பல் பிடுங்கும் குறடு) உள்ளே கொண்டுபோக முழங்கையை வெளியே தூக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கித்தான் ஆகணும். மடங்கிய மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்தால் பிடியில் பலம் இருக்காது. பலம் குறைவதால் இன்னும் இறுக்குவீர்கள். அடிச்சதை கடுப்பது அதனால்தான்.

46, 47க்குப் பின்பக்கம், 10-11 மணி இடத்துக்குப் போங்கள். சேரை அது இறங்கும் மட்டும் இறக்குங்கள். முதுகுச் சாய்வை நிமிர்த்தி, வாய் திறந்த நிலையில் கீழ்ப்பல் வரிசை தரைக்கு இணையாக வருகிறதா என்று பாருங்கள். இடது கையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு விரல் கன்னப்பக்கம், ஒரு விரல் நாக்குப்பக்கம், மீதி விரல்கள் தாடைக்கு அடியில். தாடையைத் தாங்குவது இந்தக் கைதான். இது தாங்காவிட்டால் நீங்கள் கீழே அழுத்தும் அழுத்தமெல்லாம் நோயாளியின் தாடை மூட்டுக்குப் போகும், பல்லுக்குப் போகாது. எதிர்ப்பக்கம் ஒரு பைட் பிளாக் (கடித்துக்கொள்ளும் கட்டை) வைத்தால் அவருக்கும் தாடை ஓயும், உங்களுக்கும் வாய் மூடாமல் இருக்கும்.

பல்லைப் பிடிக்கும் அலகுகள் ஃபோர்செப்ஸின் கைப்பிடிக்குச் செங்கோணத்தில் வளைந்திருக்கும் இங்கிலீஷ் பேட்டர்னுக்குத்தான் இந்தப் பின்பக்க நிலை சரிப்படும். நம் ஊர் டிரேயில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

பிடி பற்றி: கைப்பிடியின் நடுவில் பிடிப்பது நிறையப் பேருக்குப் பழக்கம். நுனி உள்ளங்கையில் பதியும் அளவுக்குப் பின்னால் பிடியுங்கள், நெம்பும் நீளம் கூடும். கட்டைவிரல் கீலுக்குச் சற்றுக் கீழே. அலகைத் திறக்கும்போது சுண்டுவிரல் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே இருக்கும். பல்லைப் பிடித்தவுடன் அதை வெளியே எடுத்து மற்ற விரல்களோடு சேர்த்துவிடணும். உள்ளேயே விட்டால் முழு இறுக்கமும் கட்டைவிரல் தலையில் விழும். மேல் பல்லுக்கு உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில், கீழ்ப்பல்லுக்கு மேலே.

பலம் எங்கிருந்து வரணும் என்பதுதான் மிச்சம். கால் இரண்டும் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்கை விலாவை ஒட்டி, மணிக்கட்டு நேராக. அதன்பிறகு கையைத் திருக்காதீர்கள். உடம்பு எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக மாற்றுங்கள், முன்கையும் ஃபோர்செப்ஸும் ஒரே கம்பு மாதிரி கூடவே போகும். முதலில் வேர்ப்பக்கமாக அழுத்தி அலகை ஈறுக்குள் எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு இறக்கணும். அலகு கீழே போகப் போகப் பல் அசையும் மையமும் கீழே போகும், வேர் நுனி முறிவது குறையும். அப்புறம் கன்னப்பக்கம் சாய்த்து, எலும்பு விரியச் சில விநாடி நிறுத்தி, நாக்குப்பக்கம், மறுபடி கன்னப்பக்கம். 47இல் வெளி எலும்பு தடிப்பு, நாக்குப்பக்கம் மெலிசு. அங்கே நாக்குப்பக்கச் சாய்வுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு கொடுக்கலாம். இழுப்பது கடைசி வேலை, அதற்குப் பலமே தேவைப்படக் கூடாது. இழுக்கப் பலம் வேண்டியிருக்கிறதென்றால் பல் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். பல்லை நெம்பித் தளர்த்தும் எலிவேட்டருக்குத் திரும்புங்கள்.

எலிவேட்டரில் சுட்டுவிரலைத் தண்டின் மேல் நீட்டி வையுங்கள், வழுக்கினால் நுனி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அந்த விரல்தான் தீர்மானிக்கும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே வைத்துச் சாவி திருப்புகிற மாதிரிச் சிறிது திருப்பினால் போதும். பக்கத்துப் பல்லை முட்டுக்கொடுத்து நெம்பினால் எடுக்க வேண்டிய பல்லுக்குப் பதில் அது ஆடும்.

சேர் உயரம்: இரண்டு புத்தகமும் தவறில்லை, நோயாளியைச் சாய்க்கும் அளவு வேறு. நன்றாகச் சாய்த்து, மேல்பல் வரிசை தரைக்கு 60 டிகிரி வாக்கில் வரும்படி வைத்தால் முழங்கை மட்டமோ சற்றுக் கீழோ சரி. அவ்வளவு சாய்க்காமல் உட்காரவைத்தால் வாய் மேலே வரும், அப்போது தோளுக்கு 8 செ.மீ. கீழே என்ற கணக்கு. என் ஓட்டு முழங்கைக்கு. தோள் தூக்கி நாலு பல் எடுத்தால் ஐந்தாவதில் கை நடுங்கும். கீழ்ப்பல்லுக்கு, முழங்கைக்கு 16 செ.மீ. கீழே என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பதில் 2
பதிந்தவர்: முகாம்_பெட்டி

முகாம் விஷயத்துக்கு வர்றேன். நாற்காலி தாழ்வா இருக்கு, அதனாலதான் குனியுறோம்னு எல்லாரும் சொல்வாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க தங்கச்சி.

நாற்காலி இருக்கை தரையிலிருந்து 42-45 செ.மீ. அதுல நிமிர்ந்து உட்கார்ந்த பெரியவங்க வாய் ஏறக்குறைய 105 செ.மீ. உயரத்துல வரும். 155 செ.மீ. ஆளுக்கு முழங்கை 97-98. கீழ்ப்பல்லுக்கு அதுல 16 கழிச்சா 81-82. அதாவது கீழ்ப்பல்லுக்கு அந்த நாற்காலி உங்களுக்கு 20 செ.மீ.க்கு மேலேயே உசரம்! தோளைத் தூக்கித்தான் வேலை பார்ப்பீங்க. 180 செ.மீ. ஆளுக்கு அதே நாற்காலி கிட்டத்தட்டப் பொருந்திரும்.

அப்ப ஏன் கழுத்து ஒடியுது? நாற்காலி சாயாது, தலை சாயாது, லைட் கிடையாது. வாய்க்குள்ள பார்க்கணும்னு நம்ம குனிஞ்சு எட்டிப் பார்க்கிறோம். உயரம் வேற பிரச்சினை, பார்வை வேற பிரச்சினை. தனித்தனியாத் தீர்க்கணும்.

உயரத்துக்கு: 20 செ.மீ. உயரத்துல மரப்பலகை மேடை, மேல்பரப்பு 60 x 45 செ.மீ.க்குக் குறையாம. அதைவிடச் சின்னதா இருந்தா காலை விரிச்சு நிக்க முடியாது, ஒரு கால் மேடையில ஒரு கால் தரையில நின்னு இடுப்பைக் கெடுத்துக்குவீங்க. அடியில நாலு மூலையிலயும் ரப்பர் ஒட்டிடுங்க. முக்காலி, ஸ்டூல் மேல ஏறி நிக்கவே வேண்டாம்.

ரப்பர் ஏன்னா, வளவுல ஆத்தங்குடிக் கல்லுதான் பதிச்சிருப்பாங்க. பல வருஷம் தேய்ச்சுத் துடைச்சு மினுமினுன்னு இருக்கும். எச்சில் தண்ணி, வாய் கொப்புளிச்ச தண்ணி ஒரு சொட்டு விழுந்தாப் போதும். மேல் பல்லுக்கு நீங்க மேல அழுத்தும்போது நோயாளி தன்னறியாமப் பின்னால தள்ளுவாங்க, நாற்காலி சறுக்கும். மேல் பல்லுக்கும் கீழ் இடப்பக்கத்துக்கும் நாற்காலி முதுகைச் சுவத்துல ஒட்டிப் போட்டு, தலைக்குப் பின்னால மடிச்ச துண்டு வச்சுரலாம். தூணுல ஒட்டாதீங்க. உருண்டையான தூணுல தலை ஒரு பக்கமா உருளும். 46, 47க்குப் பின்னால நிக்கணும், சுவர் ஆகாது. நாற்காலிக் கால் நாலுக்கும் அடியில ஒரே ரப்பர் விரிப்பு, தலையைப் பிடிக்க ஒரு அசிஸ்டன்ட்.

பார்வைக்கு: அந்த வீடுகள்ல நல்ல விஷயம் முற்றம்தான். நோயாளி முகம் முற்றத்தைப் பார்த்து இருக்கணும், முதுகு வளவுச் சுவர்ப் பக்கம். வெளிச்சம் நேரா வாய்க்குள்ள போகும். நீங்க 7-8 மணியில நின்னா நிழல் பாதி மறைக்கும், அதுக்கு ஹெட்லைட் கண்டிப்பா வேணும். உச்சி வெயில் நேரம் முற்றத்துக் கல்லு பளபளன்னு கண்ணுல அடிக்கும், பல் எடுக்கிற வேலையைக் காலையில 11க்குள்ள முடிச்சிட்டு மத்தியானம் பரிசோதனைக்கு வச்சுக்கங்க.

கழுத்து 20 டிகிரிக்கு மேல சாயாம வாய்க்குள்ள தெரியலைன்னா நோயாளி தலையைத் திருப்பச் சொல்லுங்க. "ஆச்சி, என் பக்கம் கொஞ்சம் திரும்புங்க, தாடையைத் தூக்குங்க"ன்னா திரும்புவாங்க. நம்ம பிள்ளைங்க அதைக் கேக்கக் கூச்சப்பட்டுத் தானே வளைஞ்சு நிக்கும்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். ஆடுற பல், ஒத்தை வேர்ப் பல் மட்டும் முகாம்ல எடுங்க. எக்ஸ்ரே இல்லாம, தலைப்பகுதி முழுக்க அரிச்சுப்போன 46ஐத் தொடாதீங்க. உடைஞ்சா வேரைப் பிரிச்சு எடுக்க அங்க வசதி இருக்காது. அந்த அரை மணி நேரப் போராட்டத்துலதான் மணிக்கட்டு போகும். சீட்டு எழுதிக் கல்லூரிக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்பிருங்க.

பதில் 3
பதிந்தவர்: இடதுகை

இரண்டு சின்ன விஷயம் விட்டுப்போனது.

க்ளவுஸ். பரிசோதனைக்குப் போடும், இரண்டு கைக்கும் பொதுவான க்ளவுஸில் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே தளத்தில் இருக்கும். போட்ட நேரமெல்லாம் கட்டைவிரலை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும், அடிச்சதை அதை எதிர்த்தே சோர்ந்துபோகும். இடது வலது தனித்தனியாக வரும் சர்ஜிகல் க்ளவுஸ், சரியான அளவில் போட்டுப் பாருங்கள். சிறியது கிடைக்கவில்லை என்று 7 போட்டால் விரல் நுனியில் சுருங்கி வழுக்கும், வழுக்குவதற்காகவே இறுக்கிப் பிடிப்பீர்கள்.

இடது கைக்காரர்கள் இதைப் படித்தால்: எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. 7-8க்குப் பதில் 4-5 மணி, 10-11க்குப் பதில் 1-2 மணி, பின்னால் போக வேண்டியது 36, 37க்கு. சிக்கல் என்னவென்றால் துப்பும் கிண்ணம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். முடிந்தால் அதைத் திருப்பி ஒதுக்கிவிட்டு, டிரேயை நோயாளியின் நெஞ்சுக்கு மேல் கொண்டுவாருங்கள். கிண்ணத்தைத் தாண்டி எட்டி வேலை செய்யாதீர்கள்.

உட்கார்ந்து எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். மேல் முன்பற்களுக்குச் சரி. கடைவாய்க்கு நான் ஒப்பமாட்டேன், உட்கார்ந்தால் கால் எடையை மாற்ற முடியாது, தோளும் மணிக்கட்டும்தான் வேலை செய்யும்.

மறுகேள்வி
பதிந்தவர்: ஹவுஸ்சர்ஜன்_காரைக்குடி

எல்லாருக்கும் நன்றி. எங்கள் டிபார்ட்மென்ட் சேர் முழுக்க இறக்கினாலும் கீழ்ப்பல் என் முழங்கை மட்டத்துக்குத்தான் வருகிறது. நோயாளியைப் படுக்கவைத்து உயரத்தைக் குறைக்கலாமா? இன்னொன்று, இரவில் சில நாள் விரல் மதமதப்பு இருக்கிறது.

பதில் 4
பதிந்தவர்: எலிவேட்டர்301

கீழ்ப்பல்லுக்குப் படுக்கவைக்காதீர்கள். பல்லோ உடைந்த துண்டோ கைதவறினால் நேரே தொண்டைக்குப் போகும். மூச்சு வாங்கும் பெரியவர்களுக்கு மல்லாந்து படுப்பதே சிரமம். முகாம்_பெட்டி சொன்ன பலகை மேடையை டிபார்ட்மென்டிலும் போடுங்கள். சேர் இறங்காத 16 செ.மீ.யை நீங்கள் ஏறிக்கொள்ளலாம். கால்மிதி பெடல் உள்ள சேர் என்றால் மேடையை அதற்குக் குறுக்கே போடாமல் தள்ளி வையுங்கள்.

மதமதப்பு எந்த விரல்களில் என்று கவனியுங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு நடுவே போகும் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரல் பாதியும் என்றால் முழங்கைப் பக்கமோ மணிக்கட்டின் ஓரமோ போகும் இன்னொரு நரம்பு. இரண்டில் எதுவானாலும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போஸ்டிங்கை ஓட்டாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். யூனிட் சாரிடம் சொல்லி ஒரு வாரம் 46, 47 கேஸ்களை மாற்றிக்கொள்ளலாம், கேட்டால் கொடுப்பார்கள்.

ஒரு கேஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே, க்ளவுஸ் கழற்றியபின், கையை நீட்டி உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி மறு கையால் விரல்களைப் பின்னுக்கு 15-20 விநாடி இழுங்கள். மதமதப்பு கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து ஐந்து தடவை.

பதில் 5
பதிந்தவர்: முகாம்_பெட்டி

மேடைக்குப் புதுசா மரம் வாங்க வேண்டாம். காரைக்குடியில பழைய மரச்சாமான் கடைகள்ல இடிச்ச வீட்டுப் பலகை கிடைக்கும், ஆசாரிகிட்ட அளவு சொன்னா அறுத்துக் கொடுத்துருவார். மேல்பக்கம் மெருகு போட வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க, வழுக்கும்.