ரெசினில் மாடல் ஏ கார் வார்க்கும்போது மட்கார்டில் குமிழி – என்ன வழி?

கிளைப்பாதை:

வணக்கம். எச்ஓ அளவில் (1:87) ஒரு கிளைப்பாதை ஸ்டேஷனை மாதிரி ரயில் லேஅவுட்டாகச் செய்துகொண்டிருக்கிறேன். காலம் 1930-ஐ ஒட்டி. ஸ்டேஷன் வாசலில் நிறுத்த ஃபோர்டு மாடல் ஏ கார்கள் வேண்டும். கூடவே பழைய மாடல் டி ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. மூல மாதிரியை ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் நானே செய்து, சிலிகானில் அச்செடுத்து, பாலியூரித்தேன் ரெசின் (கலந்தால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) ஊற்றுகிறேன்.

முழுக் காரும் ஒரே துண்டு. ரோட்டில் நிற்பதுபோலவே அச்சுக்குள்ளும் நிற்கும். கூரையில் ஒரு துளை, அது வழியாகத்தான் ரெசின் போகும். கதவு, பானெட் எல்லாம் சுத்தமாக வருகிறது. மட்கார்டு வளைவின் உச்சியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் காற்று தங்கிப் பொத்தலாகிவிடுகிறது. ஹெட்லைட் மொட்டையாக வருகிறது. சக்கரத்து ஸ்போக் பாதிதான் நிரம்புகிறது. பிரஷர் பாட் (காற்றழுத்தக் கலன்) இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

நீராவிப்பிரியன்:

பிரஷர் பாட் இருந்தால் வேலை சுலபம். 40 முதல் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் ரெசின் இறுகட்டும், குமிழி கண்ணுக்கே தெரியாது. ஒரு விஷயம்: சிலிகான் அச்சையும் அதே அழுத்தத்தில்தான் இறுகவிட வேண்டும். இல்லையென்றால் சிலிகானுக்குள் இருக்கும் குமிழிகள் அழுத்தத்தில் நசுங்கி, அந்த இடத்தில் வார்ப்பு புடைத்துக்கொண்டு வரும். அப்புறம், அந்த அழுத்தத்துக்கென்றே செய்த கலனாகப் பாருங்கள். வேறு எந்தப் பாத்திரத்தையும் மாற்றி வைத்து முயற்சி செய்யாதீர்கள், வெடித்துவிடும்.

வார்ப்பச்சு:

பாட் நல்ல கருவிதான். ஆனால் உங்கள் சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. 60 பிஎஸ்ஐ-யில் ஒரு குமிழியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்காகும். விட்டமோ பாதிக்குக்கூட இறங்காது. கலக்கும்போது சேரும் பொடிக் குமிழிக்கு அது போதும். மட்கார்டு உச்சியில் தங்குவது பொடிக் குமிழி அல்ல, வெளியேற வழியில்லாத காற்று. கார் நிமிர்ந்து நிற்கும்போது மட்கார்டு வளைவு கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கிறது. ஏறி வரும் காற்று அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அதனால் காரைக் கவிழ்த்துப் போடுங்கள். கூரை அடியில், சக்கரப் பக்கம் மேலே. காற்று எங்கே போய் நின்றாலும் அது காரின் அடிவயிறாக இருக்கும், லேஅவுட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்தது, ஒரே துண்டாக வார்ப்பதை விட்டுவிடுங்கள். நிஜ மாடல் ஏ-யிலும் பாடி வேறு, அதைத் தாங்கும் சட்டம் வேறு. அதே இடத்தில் பிரியுங்கள்: பாடியும் பானெட்டும் ஒரு துண்டு, சட்டம், நாலு மட்கார்டு, ஃபுட்போர்டு சேர்ந்து ஒரு தட்டு, ரேடியேட்டரும் ஹெட்லைட்டும் தனி, சக்கரம் தனி. இதில் பெயின்ட் வேலைக்கும் பெரிய லாபம் உண்டு. மாடல் ஏ-யில் பாடி பச்சையோ பழுப்போ எதுவாக இருந்தாலும் மட்கார்டு கறுப்புதான். தட்டைத் தனியாகக் கறுப்படித்துப் பாடியை மேலே ஒட்டினால், 1:87-இல் டேப் ஒட்டி எல்லை பிடிக்கும் அவஸ்தையே இல்லை.

மட்கார்டுத் தட்டுக்கு இரண்டு பாதி அச்சு வேண்டும். கவிழ்த்து வைக்கும்போது மட்கார்டின் முன் நுனியும் பின் நுனியும் மேல்நோக்கி வரும். அந்த நாலு நுனியிலிருந்தும் சிலிகானில் மெல்லிய கீறல் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். ஊற்றும் முன் அச்சுக்குள் டால்கம் பவுடரைத் தூரிகையால் தடவி, உபரியைத் தட்டிவிடுங்கள். பவுடர் இருந்தால் ரெசின் மூலை முடுக்குக்குள் தானாக ஓடும். பிறகு பல்குச்சி நுனியில் ரெசினை எடுத்து மட்கார்டு ஓரம் முழுக்க இழுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஓரம் நனைந்து பளபளவென்று தெரிந்தால் அங்கே இனிக் காற்று நிற்காது. அதன் பின் கீழ்ப்பாதியை நிரப்பி, மேல்பாதியை ஒரு முனையிலிருந்து சாய்த்து மெதுவாக மூடுங்கள். நாலு கீறலிலும் ரெசின் எட்டிப் பார்த்தால் சரி.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். கலந்த மூன்றே நிமிடத்தில் கெட்டியாகும் ரெசின் ஒத்துவராது, ஏழெட்டு நிமிடமாவது தாங்கும் வகையாகப் பாருங்கள். பாட்டிலைத் திறந்தே வைக்காதீர்கள். ஈரம் உள்ளே போனால் ரெசின் நுரைத்துவிடும், அந்தக் குமிழிக்கு மருந்தே கிடையாது.

ஸ்போக்கை ஊடுருவ வார்க்க இந்த அளவில் ஆசைப்பட வேண்டாம். பின்பக்கம் மூடிய தட்டு, முன்பக்கம் ஸ்போக் மேடு, இடையில் நீர்த்த கறுப்பு பெயின்ட். ஓர் அடி தள்ளிப் பார்த்தால் திறந்திருப்பது போலவே தெரியும். நிஜமாகவே திறந்திருக்க வேண்டுமென்றால் அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைச் சக்கரம்தான்.

மாடல் ஏ-யில் எந்த வருடம் என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். 1928, 29-இல் சக்கர விளிம்பு 21 அங்குலம், 1930, 31-இல் 19. எச்ஓ-வில் 6.1 மி.மீ., 5.5 மி.மீ. சின்ன வித்தியாசம்தான், ஆனால் காரின் நிற்பே மாறும். முன், பின் சக்கர அச்சாணிகளுக்கு இடையே 103.5 அங்குலம், எச்ஓ-வில் 30 மி.மீ. சொச்சம். உங்கள் மாதிரியில் அளந்து பாருங்கள்.

கிளைப்பாதை:

ரொம்ப நன்றி சார். மட்கார்டுக்குள் காற்று மாட்டுவது இப்போதுதான் பிடிபட்டது. இன்னும் இரண்டு கேள்வி. மாடல் டி-க்கு மூல மாதிரியை 3டி பிரிண்டரில் ரெசினில் அச்சிட நினைக்கிறேன், அதன் மேல் சிலிகான் ஊற்றலாமா? கடையில் வாங்கிய ரெடிமேட் கார் ஒன்றிலிருந்து அச்செடுத்தால் தவறா?

குறும்பாதை:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். அந்த மாதிரியைச் செதுக்கியவரின் உழைப்பு அது. வார்த்து விற்பது திருட்டேதான், சொந்த லேஅவுட்டுக்கு என்றாலும் நான் செய்ய மாட்டேன். ஸ்டைரீனில் நீங்களே செய்யும் கை இருக்கும்போது அது எதற்கு?

வார்ப்பச்சு:

அதையேதான் நானும் சொல்வேன்.

3டி பிரிண்ட் விஷயத்தில் ஜாக்கிரதை. பிளாட்டினம் வகை சிலிகான் அச்சிடும் ரெசின் பலவற்றின் மேல் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். கந்தகம் கலந்த களிமண்ணும் அதையே செய்யும், அச்சின் இரண்டு பாதியும் சேரும் பிரிப்புக் கோட்டுக்குக் கந்தகமில்லாத களிமண்ணே வையுங்கள். பிரிண்டை நன்றாகக் கழுவி, புற ஊதா விளக்கில் முழுசாக இறுகவைத்து, கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு சிலிகான் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் டின் வகை சிலிகானுக்குப் போய்விடுங்கள். அது இவ்வளவு முரண்டு பிடிக்காது. ஆனால் கொஞ்சம் சுருங்கும், நாளாக நாளாக நொறுங்கும், அதனால் மூல மாதிரியைத் தூக்கிப்போடாதீர்கள்.

மாடல் டி-க்கு நிறம் தேட வேண்டாம். 1914 முதல் 1925 வரை வந்தவை கறுப்பு மட்டும்தான். முன் சக்கரத்தில் மரத்தில் 12 ஸ்போக், மாடல் ஏ-யின் இரும்புக் கம்பியைவிடத் தடிமன் என்பதால் ரெசினில் சுலபமாக வரும்.

பாலியூரித்தேன் ரெசினின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறையும் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம். இறுகிய வார்ப்பைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டே தேயுங்கள், தூசி பறக்கக் கூடாது. பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து ப்ரைமர் அடியுங்கள். அடுத்த வார்ப்பின் படத்தைப் போடும்போது மட்கார்டின் அடிப்பக்கத்தையும் எடுத்துப் போடுங்கள், கீறல் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.