வீட்டு உறுதி அவள் பெயரில்; நள்ளிரவில் ஒழுங்கையில் நிற்பதும் அவளா?

வெல்லாவெளியான்:
நவம்பர் 25 வந்துவிட்டது. இனி டிசம்பர் 10 வரைக்கும் பதாகை, ஊர்வலம், வீதி நாடகம். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்க வேண்டுமாம், பெண்களுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டுமாம். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்ணை அடிப்பவனை நான் ஆண்பிள்ளை என்றே சொல்ல மாட்டேன். ஆனால் மட்டக்களப்பில் வந்து இந்த வகுப்பை எடுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எங்கள் குடி, அதாவது குலம், தாய்வழி. மகளுக்குக் கல்யாணம் பேசும் முன்பே வீட்டைக் கட்டி அவள் பெயரில் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், எழுதுகிறோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவது மாப்பிள்ளைதான். வடக்கில் தேசவழமை என்ற யாழ்ப்பாண வழமைச் சட்டப்படி மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும்; இங்கே அந்தக் கட்டு கிடையாது. சண்டை வந்தால் தாய்மாமன் வந்து இரண்டு பக்கமும் பேசித் தீர்த்து வைப்பார். பொலிஸ், நீதிமன்றம் என்று ஏறினால் குடும்பம் மிஞ்சாது.

கல்முனைக்காரி:
அண்ணன், உறுதி எழுதுகிறோம் என்பது சரி. அந்த உறுதி சுனாமியில் என்னவானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2004இல் நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கரையோரத்தில் சீதனமாகக் கிடைத்த வளவுகள் எத்தனையோ பெண்களின் பெயரில் இருந்தன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். உள்ளே தள்ளிப் புது வீடு கொடுத்தபோது 'குடும்பத் தலைவர் யார்' என்று படிவம் கேட்டது. கணவன் பெயரை எழுதினார்கள். தாய் மகளுக்கும் அந்த மகள் தன் மகளுக்கும் கொடுத்து வந்த சொத்து ஒரே படிவத்தில் கை மாறிப் போனது. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது. சண்டை வந்தால் அந்த மனிதர் சொல்வது "இது என் வீடு, வெளியே போ" என்பதுதான். அவளுடைய தாயின் வளவு கடலோடு போய்விட்டது. அவள் எங்கே போவாள்?

கல்லடிப்பாலம்:
தாய்வழிக் குடி என்று மார்தட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். கொக்கட்டிச்சோலைக் கோயிலில் வண்ணக்கர் என்ற நிர்வாகப் பொறுப்பு குடிவழியாக வருகிறது. அதில் இருப்பது ஆண். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயரும் அப்படித்தான். பெண்ணின் வயிற்று வழியாகப் பதவி இறங்குகிறது, பெண்ணிடம் நிற்பதில்லை. பஞ்சாயத்து பேசும் தாய்மாமனும் ஆண்தான். அடித்தவனும் ஆண், தீர்ப்பவரும் ஆண். அடி வாங்கியவள் உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள்.

வெல்லாவெளியான்:
தேநீர் ஊற்றுவதும் இப்போது குற்றமா?

இரவுப்பணி:
நான் அரச வைத்தியசாலை ஒன்றில் தாதி. பேசித் தீர்த்த கதைகள் எங்களிடம் வரும்போது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். "கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்" என்பார்கள். வழுக்கி விழுபவர் கையை ஊன்றித்தான் விழுவார். பெரும்பாலும் மணிக்கட்டில் முறியும். இவர்களுக்கு முறிந்திருப்பது முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. தலையில் விழ வந்த அடியைத் தடுக்கக் கையை உயர்த்தினால் அந்த இடத்தில்தான் படும். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் வைத்தியர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். கூட வந்த கணவர் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். மருந்து மாற்ற வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் நாங்கள் கேட்போம். அப்போதும் பாதிப் பேர் "கிணற்றடி" என்றே சொல்வார்கள். மீதிப் பேர் கேட்பது ஒன்றே: "மாமாவுக்குத் தெரிய வந்தால் என்ன சொல்வார்?"

சில அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது. பொலிசுக்குப் போக விரும்பாதவர்களும் அங்கே போய்ப் பேசலாம். இந்த இழையை வாசிக்கும் யாருக்காவது உதவும்.

வெல்லாவெளியான்:
தங்கச்சி, உங்கள் வேலைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் வேர் எது? கசிப்பு என்ற கள்ளச்சாராயம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை வெட்டி முடிந்து காசு கைக்கு வந்ததும் மாலையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கசிப்பை ஒழித்தால் முக்கால்வாசி அடிதடி நின்றுவிடும். அதை விட்டுவிட்டு ஆணாய்ப் பிறந்தவர்களை எல்லாம் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

கல்லடிப்பாலம்:
அதே வெறியில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரை ஏன் அடிப்பதில்லை? கூலி கொடுக்கும் நிலக்காரப் போடியாரை? எதிரே பொலிஸ் ஜீப் வந்தால் நிமிர்ந்து நடக்கத் தெரிகிறதே. எந்தக் கதவுக்குப் பின்னால் கையை ஓங்கலாம் என்பது குடித்த பிறகும் மறப்பதில்லை. கசிப்பை ஒழிக்க வேண்டும், நானும் வருகிறேன். அதுவரை அவள் பொறுத்திருக்க வேண்டுமா?

முறிந்த துடுப்பு:
ஒரு தரப்பையே பேசுகிறீர்கள். என் நண்பன் ஒருவன் மீது மனைவி வீட்டார் முறைப்பாடு கொடுத்தார்கள். காணிப் பிரச்சினைதான் உள்ளே இருந்தது. இரண்டு நாட்கள் பொலிஸ் வாசலில் நின்றான். சட்டத்தைப் பழிவாங்கப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் நாடகம் போடுவதில்லை.

நீதிமன்ற வீதி:
தம்பி, பொய் முறைப்பாடு எந்தச் சட்டத்தில்தான் இல்லை? காணிக் களவு வழக்கிலும் பொய் இருக்கிறது. அதற்காகக் காணிச் சட்டத்தைக் கிழிக்கச் சொல்வதில்லை. நான் சட்டத்தரணி. இங்கே பேசுகிற பலருக்கு அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். இதன் கீழ் யாரையும் நேரே சிறைக்கு அனுப்புவதில்லை. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கிறார். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும், விசாரணை 14 நாட்களுக்குள். முழுக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அடிக்காதே, பின்தொடராதே, வேலைத்தலத்துக்கு வராதே என்று தடுக்கலாம். வீட்டுக்குள் நுழையாதே என்றும் தடுக்கலாம். அவசரப் பணம் கொடுக்கச் சொல்லலாம். மனைவி நடுத்தெருவுக்கு வரும்படி வீட்டை விற்பதையும் தடுக்கலாம். தம்பிக்காக இதையும் சொல்கிறேன்: கட்டளை போடும்போது எதிராளிக்கு வரக்கூடிய கஷ்டத்தையும் நீதவான் கவனிக்க வேண்டும். மன வேதனை கொடுப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும்; கை ஓங்கினால்தான் என்றில்லை.

இப்போது வெல்லாவெளி அண்ணனுக்கு. இந்தச் சட்டம் நாட்டில் எங்காவது ஊர் வழக்கத்தோடு இயல்பாகப் பொருந்துமென்றால் அது நம் பகுதியில்தான். மற்றப் பல இடங்களில் பெண் கணவன் வீட்டில் இருக்கிறாள். அவனை வெளியேற்றக் கட்டளை கேட்டால் "என் அப்பன் கட்டிய வீடு" என்று அவன் சண்டைக்கு வருவான். இங்கே வீடு அவளுடையது. அவன்தான் பெட்டியோடு வந்தவன், நீங்களே சொன்னீர்கள். அப்படியிருந்தும் நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் நிற்பவள் அவள். உறுதியில் பெயர் இருப்பது அவளுக்கு. வெளியே போகச் சொல்லும் துணிச்சல் அவனுக்கு. பேச வேண்டியது இந்த இடைவெளியைப் பற்றித்தான். நொத்தாரிசு எழுதிய உறுதி பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைச் செல்லுபடியாக்கத் தாய்மாமன் ஒருநாளும் "பெட்டியை எடுத்துக்கொண்டு போ" என்று மாப்பிள்ளையிடம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. "கொஞ்சம் பொறுத்துப் போ மகள்" என்பார்.

உப்புக்காற்று:
காத்தான்குடியிலிருந்து. நம் பக்கத்திலும் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம்தான். ஒரு சந்தேகம் பலருக்கு இருக்கிறது, நேரே கேட்கிறேன்: முஸ்லிம் பெண்ணுக்குக் காதி நீதிமன்றம் மட்டும்தானா?

நீதிமன்ற வீதி:
இல்லை, நானா. விவாகம், விவாகரத்து காதியிடம். வீட்டு வன்முறைச் சட்டம் எந்த மதத்தவருக்கும் ஒன்றே. காதியிடம் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

வெல்லாவெளியான்:
சட்டம் படித்தேன், நன்றி. ஆனால் நீங்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. கட்டளை எடுத்து அவனை வெளியே போட்டாயிற்று. மறுநாள் அடுப்புக்கு என்ன? அவன் கொண்டு வந்தது மேசன் கூலியோ, மீன் வித்த காசோ, அதுதான் வீட்டுக்கு வந்த காசு. அவளிடம் இருப்பது நுண்கடன் புத்தகம். கிழமைக்கு ஒருமுறை ஆள் வந்து வாசலில் குந்திக்கொள்வான். 2018இல் வரட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்தார்கள் என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று பாருங்கள். அடி வலிக்கும், தெரியும். பசியும் வலிக்கும். அதனால்தான் மாமன் "பொறு" என்கிறார். அவர் கல்நெஞ்சர் இல்லை.

கல்முனைக்காரி:
இது நியாயமான கேள்வி. இந்த இழையில் நீங்கள் எழுதியதில் இதற்குத்தான் நான் பதில் தேட வேண்டியிருக்கிறது. அதிகாரம் என்று பதாகையில் எழுதுவதும் இதைத்தான் குறிக்க வேண்டும்: அவள் கையில் அவளுடைய காசு. ஆனால் "தையல் இயந்திரம் கொடுத்தோம், படம் எடுத்தோம்" என்ற கணக்கில் எனக்கும் நம்பிக்கை இல்லை. பத்து வீட்டுக்குப் பத்து இயந்திரம் கொடுத்தால் யாருக்குத் தைப்பது? எங்கள் சங்கத்தில் இடியப்பம் அவித்து ஹோட்டலுக்குக் கொடுக்கும் ஒரு அக்கா இருக்கிறார். காசை ஹோட்டல்காரர் கணவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "அவர்தானே சைக்கிளில் கொண்டு வருகிறார்" என்றாராம். நாங்கள் போய்ப் பேசியபின் காசு அக்காவின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. உழைப்பது மட்டும் போதாது அண்ணன், காசு எந்தக் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பசி பற்றி: பராமரிப்புப் பணம் கேட்க 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதுவும் நீதவான் நீதிமன்றம்தான். அடிப்பதை விட்டாலும் விடாவிட்டாலும் பிள்ளைக்குச் சோறு போடும் கடமை அவனை விட்டுப் போகாது.

முறிந்த துடுப்பு:
எல்லா வீட்டிலும் இப்படி நடப்பது போல எழுதுகிறீர்கள்.

இரவுப்பணி:
எல்லா வீட்டிலும் இல்லை, தம்பி. 2019இல் நாடு முழுவதும் எடுத்த பெண்கள் நலவாழ்வுக் கணக்கெடுப்பில், துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் ஒருமுறையாவது அவரால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர். வாய் திறந்து சொன்னவர்கள் மட்டும். கிணற்றடிக்காரர்கள் இதில் சேர்த்தியில்லை.

வெல்லாவெளியான்:
சட்டத்தரணி ஐயா, கடைசியாக ஒன்று. கட்டளையை அவன் கிழித்தெறிந்துவிட்டு வந்து கதவைத் தட்டினால்?

நீதிமன்ற வீதி:
மீறுவது குற்றம். 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வெல்லாவெளியான்:
பத்தாயிரமா? 2005இல் பத்தாயிரம் பெரிய காசு. இன்றைக்கு அறுவடைக் காலத்தில் சில நாள் உழைத்தால் கட்டிவிட்டு மறுபடி வந்து நிற்பான். இப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டா என்னோடு இவ்வளவு நேரம் வாதாடினீர்கள்?

கல்முனைக்காரி:
சிறையும் இருக்கிறது, அண்ணன். ஆனாலும் தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும். பிரதேச செயலகத்தில் மனுக் கொடுக்க இருக்கிறோம். ஊர்வலத்துக்கும் வாருங்கள்.

வெல்லாவெளியான்:
ஊர்வலத்துக்கு வரமாட்டேன். மனுவை அனுப்புங்கள், வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். தாய்மாமனைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருந்தால் போடமாட்டேன்.