வேலூர மூணா பிரிச்சாங்களே, உங்களுக்கு உண்மையில இன்னா மாறுச்சு?

ஆம்பூர்_பைபாஸ்

திருவண்ணாமலை மாவட்டத்துல செய்யாறு ஆரணி பக்கம் தனி மாவட்டம் வேணும்னு மறுபடி பேச்சு ஓடுது, அதான் கேக்குறேன். ஏற்கனவே பிரிச்சு வச்ச நம்ம ஆளுங்க அனுபவத்த சொன்னா அவங்களுக்காவது உபயோகமா இருக்கும்ல.

2019 ஆகஸ்ட் 15 அன்னிக்கு அப்போ முதல்வரா இருந்த எடப்பாடி கோட்டையில கொடியேத்தி அறிவிச்சாரு, நவம்பர் 28ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் மாவட்டமாயிடுச்சு. எங்க ஆம்பூர தூக்கி திருப்பத்தூர்ல போட்டுட்டாங்க. நாங்க கேக்கவும் இல்ல, யாரும் எங்கள கேட்ட மாதிரியும் தெரியல. வேலூர் எங்களுக்கு 50 கிலோமீட்டர், ஹைவேல போய் நின்னா கைய காட்டுறதுக்குள்ள அடுத்த பஸ் வந்துடும். திருப்பத்தூர் 40ன்னு மேப்புல காட்டுது, ஆனா நேர் பஸ் கம்மி, வாணியம்பாடியில இறங்கி மாறி நின்னு போய் சேர்றதுக்குள்ள வேலூருக்கே போய் நாஷ்டா முடிச்சிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வேலூர், ஜவுளி நகை எடுக்க வேலூர், புள்ளைங்க காலேஜும் அந்தப் பக்கம், மனு குடுக்க மட்டும் திருப்பத்தூர். எங்க தெருவுல பெரியவங்க இன்னும் கல்யாணப் பத்திரிகையில வட ஆற்காடு மாவட்டம்னுதான் போடுறாங்க, அவங்களுக்கு இந்தக் கொழப்பமே இல்ல.

உங்க ஊர்ல நெஜமா இன்னா மாறுச்சு? கட்சி சண்டை வேணாம்பா, ஊர் விஷயம் மட்டும்.

---

ஏலகிரி_அடிவாரம்

உங்களுக்கு ஹைவே மேல ஊரு, அதனால இப்படி பேசுறீங்க. திருப்பத்தூர்லேர்ந்து வேலூர் 90 கிலோமீட்டர் ப்ரோ. அதுக்கும் மேல ஜவ்வாது மலை புதூர்நாடு ஆளுங்கள நெனச்சுப் பாருங்க, மலைய விட்டு கீழ எறங்கவே ஒரு பஸ்ஸு, அங்கேர்ந்து வேலூர். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனுநாள்னா முந்தின நாளே கீழ வந்து சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, விடியக்காலம் பஸ் புடிச்சு, கலெக்டர் ஆபீஸ் இருக்கற சத்துவாச்சாரியில எறங்கி, மனு எழுதுறவங்களுக்கு துட்டு குடுத்து, வரிசையில நின்னு, கடைசில கையில வர்றது ஒரு ரசீது. திரும்பி வர்றப்போ மலைக்குப் போற கடைசி வண்டி போயிருக்கும். ஒரு ரசீதுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. இப்போ அதே மனுவ குடுத்துட்டு சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போறாங்க. இதுக்கு மேல இன்னா மாறணும்?

2011 கணக்குப்படி பழைய வேலூர் மாவட்டத்துல 39 லட்சம் ஜனம், சென்னை காஞ்சிபுரத்துக்கு அடுத்து நாமதான். 13 எம்எல்ஏ தொகுதி. அந்தக் கடைசில அரக்கோணம், இந்தக் கடைசில திருப்பத்தூர். ஒரு கலெக்டர் வாரம் ஒரு தாலுக்கா சுத்துனாலும் ஒரு ரவுண்டு முடிய மாசக்கணக்கா ஆகும். பிரிச்சது சரிதான், நாலஞ்சு வருஷம் முன்னாடியே பிரிச்சிருக்கணும்.

---

கே.வி.குப்பம்_கடலை

ரெண்டு பேருமே கலெக்டர் ஆபீஸையே புடிச்சுட்டு தொங்குறீங்க. கொஞ்சம் யோசிங்க, சாதாரண ஜனத்துக்கு கலெக்டர்கிட்ட வருஷத்துக்கு எத்தன தடவ வேலை இருக்கு? வாரிசு சான்று தாசில்தார், பட்டா மாறுதல் தாலுக்கா, சாதி சான்று தாசில்தார், எஸ்.டி. சான்றுன்னா ஆர்டிஓ (வண்டி ஆர்டிஓ இல்ல, வருவாய் கோட்டாட்சியர்). அதுலயும் பாதி இப்போ இ-சேவைல போட்டுட்டு போன்ல மெசேஜ் வருதான்னு பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்.

எங்களுக்கு மாவட்டம் மாறல, வேலூரே. ஆனா அதே சமயத்துல கே.வி.குப்பத்த தனி தாலுக்கா ஆக்குனாங்க, குடியாத்தத்துல புதுசா ஆர்டிஓ போட்டாங்க. எனக்கு அதுதான் பெரிய மாற்றம். சைக்கிள்ல போய் சர்வேயர பாத்துட்டு வரலாம். ஆளு சீட்டுல இருக்காரா இல்லையாங்கறது வேற கதை, ஆனா இல்லன்னா நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்துடலாம், பஸ் செலவு நட்டமில்ல. மாவட்டத்த பிரிக்காமலே தாலுக்காவ பிரிச்சிருந்தா இதுல முக்கால்வாசி நடந்திருக்கும்ங்கறது என் கட்சி. ஏலகிரி அண்ணா, புதூர்நாட்டு மலைவாசி சாதி சான்றுக்கு அப்பவும் திருப்பத்தூர் சப்-கலெக்டர் ஆபீஸ்தான், இப்பவும் அங்கதான். அதுக்கும் பிரிச்சதுக்கும் சம்பந்தமே இல்ல.

---

ஏலகிரி_அடிவாரம்

சான்றுக்கு ஒத்துக்குறேன். மனு, எஸ்பி ஆபீஸ், மாற்றுத்திறனாளி ஆபீஸ், பள்ளிக்கூடத்துக்கான சிஇஓ ஆபீஸ் இதெல்லாம்? ஊனமுற்ற புள்ளைக்கு உதவித்தொகை விஷயமா ஒரு அம்மா 90 கிலோமீட்டர் தூக்கிட்டு போனா தெரியும்.

---

அணைக்கட்டு_மேலமலை

தூரம் பத்தி பேசுறதால இத சொல்லியே ஆகணும். ஜவ்வாது மலையவே மூணா வெட்டி வச்சிருக்காங்க, புதூர்நாடு திருப்பத்தூர்ல, ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில, பீஞ்சமந்தை பக்கம் எங்க அணைக்கட்டு தாலுக்கா, வேலூர் மாவட்டம். எங்க மலைக்கு வேலூர் பக்கம்தான், நேர் கோடு போட்டா ரொம்ப பக்கம். ஆனா 2023 மே மாசம் அல்லேரி மலையில ஒன்றரை வயசு கொழந்தைய பாம்பு கடிச்சு செத்துப்போச்சு, ஞாபகம் இருக்கா? ரோடு இல்லாததால ஆம்புலன்ஸ் பாதி வழியில நின்னுடுச்சு, பெத்தவ அந்த உடம்ப கையில தூக்கிட்டு மலையேறி நடந்தா. எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் ஆபீசருங்க மலையேறுனாங்க, ரோடு பத்தி பேச்சு வந்துச்சு, வனத்துறை அனுமதி அது இதுன்னு ஃபைலு நகர ஆரம்பிச்சுது.

கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல இருந்து இன்னா பிரயோஜனம் சொல்லுங்க. மாவட்டம் சின்னதானா மூலை முடுக்கெல்லாம் கண்ணுக்கு தெரியும்னாங்க. சின்னதாகி மூணரை வருஷம் கழிச்சு நடந்தது இது. மலையில இருக்கறவனுக்கு மாவட்டம் எதுவா இருந்தா இன்னா, காட்டு ரோட்டுக்கு வனத்துறை கையெழுத்து போடணும், அந்த ஆபீஸ எத்தனையா பிரிச்சாலும் அவங்க சட்டம் ஒண்ணுதான்.

---

வாலாஜா_அக்கா

ஆம்பூர் தம்பி ஆஸ்பத்திரி பத்தி சொன்னீங்களே, எங்களுக்கும் அதேதான். ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு தலைமை ஆஸ்பத்திரி எங்க வாலாஜாவுல இருக்கு, சரி. ஆனா கொஞ்சம் சீரியஸ்னா வேலூர் அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜுக்கு கொண்டு போங்கம்மான்னு எழுதிக் குடுத்துடறாங்க. ராணிப்பேட்டைக்கும் அரசு மெடிக்கல் காலேஜ் கிடையாது, திருப்பத்தூருக்கும் கிடையாது. புதுசா பிரிச்ச மாவட்டத்துக்கு கலெக்டர் ஆபீஸ் கட்டடம் 2022 ஜூன்லயே பளபளன்னு ரெடி. முதல்ல எது வேணும்னு பொம்பளைங்கள கேட்டிருந்தா வேற பதில் வந்திருக்கும்.

இன்னொண்ணு, யாரும் பேச மாட்டீங்க. இலவச பஸ்சு டவுன் பஸ்ல மட்டும்தான். மாவட்ட தலைநகரத்துக்குப் போற தூர பஸ்சுக்கு எங்களுக்கும் டிக்கெட்டுதான். அதனால ஆபீஸ் டவுன் பஸ் போற தூரத்துல இருக்கறதுதான் எங்களுக்கு கணக்கு, அது எந்த மாவட்டம்னு கவலை இல்ல. உரிமைத்தொகை ஆயிரம் ரூபா எங்க தெருவுல நெறைய பேருக்கு முதல்ல தள்ளுபடி ஆச்சு, மேல்முறையீடு இ-சேவைல போட்டு ஆர்டிஓ பாக்கறதுன்னாங்க. அப்புறம் 2025ல உங்களுடன் ஸ்டாலின் முகாம்ல வார்டுலயே மனு வாங்குனாங்க. ஆபீஸ் நம்ம தெருவுக்கு வந்தா யாருக்கு மாவட்டம் வேணும்? வந்த மனுவுக்கெல்லாம் பதில் வந்துச்சான்னு கேக்காதீங்க, அதுக்கு தனியா எழுதணும்.

---

காட்பாடி_ஜங்ஷன்

கூத்து எங்கன்னு நான் சொல்றேன். நான் இருக்கறது காட்பாடி பக்கத்துல ஒரு கிராமம், வேலூர் மாவட்டம். நான் ஓட்டு போடுற எம்.பி. அரக்கோணம். ஆம்பூர் வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம், ஆனா அவங்க எம்.பி. வேலூர். திருப்பத்தூர் ஜோலார்பேட்டை ஆளுங்களுக்கு எம்.பி. திருவண்ணாமலை. தொகுதி 2008ல போட்ட கோடு, மாவட்டம் 2019ல போட்ட கோடு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. மாவட்டத்துல ரிவ்யூ மீட்டிங்னா எத்தன எம்.பி.க்கு நாற்காலி போடணும்னு அவங்களுக்கே கொழப்பமா இருக்கும்.

அத விடுங்க, பெரிய நஷ்டம் உள்ளாட்சித் தேர்தல். 2016 அக்டோபர்ல பஞ்சாயத்து பதவிக்காலம் முடிஞ்சுது. 2019 டிசம்பர்ல ஊரக உள்ளாட்சி தேர்தல் வச்சப்போ புதுசா பிரிச்ச மாவட்டம்லாம் வார்டு வரையறை பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி, வேலூர் ராணிப்பேட்டை திருப்பத்தூர் சேத்து 9 மாவட்டத்த ஒதுக்கிட்டாங்க. எங்களுக்கு தேர்தல் நடந்தது 2021 அக்டோபர். அஞ்சு வருஷம் பிரசிடென்ட் இல்லாம தனி அலுவலர்தான் கையெழுத்து போட்டுட்டு இருந்தாரு, தெருவிளக்கு எரியலன்னா யார்கிட்ட போய் சத்தம் போடறதுன்னே தெரியாம கெடந்தோம். பக்கத்து வீட்டு பிரசிடென்ட்ட திட்டுற உரிமைய எடுத்துட்டு எட்டாத ஆபீசர பக்கத்துல கொண்டாந்து வச்சாங்க. (மத்த மாவட்டங்களுக்கு 2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்துட்டாரு, அப்போ மட்டும் நமக்கு பிரசிடென்ட் இருந்தாரு. கெட்டதுலயும் ஒரு நல்லது.)

---

பழைய_வட_ஆற்காடு

தம்பிங்களா, நம்ம மாவட்டத்துக்கு தலைநகரமே 1911 வரைக்கும் சித்தூருதான், அது இப்போ ஆந்திராவுல கீது. 1989ல திருவண்ணாமலைய பிரிச்சாங்க, அப்பவும் ஆரணிக்காரங்க வேலூர்தான் எங்களுக்கு பக்கம்னு கத்துனாங்கோ. எப்போ பிரிச்சாலும் ஓரத்துல கெடக்கறவனுக்குதான் அடி. ஆம்பூருக்கு இப்போ அந்த முறை, அவ்ளோதான்.

---

ஆம்பூர்_பைபாஸ்

பெரியவரே கரெக்ட்டா புடிச்சீங்க. ஓரம்னா பேர்ணாம்பட்டுதான் எனக்கு ஞாபகம் வருது. எங்க ஊர்லேர்ந்து ஒரு எட்டு, வேலைக்கு ஷூ கம்பெனிக்கு அங்கேர்ந்துதான் பஸ் பஸ்ஸா பொண்ணுங்க வர்றாங்க, ஆனா அவங்க வேலூர் மாவட்டம், நாங்க திருப்பத்தூர். கம்பெனி பஸ்ஸு தெனமும் மாவட்ட எல்லைய தாண்டுது.

அக்கா சொன்ன டவுன் பஸ் விஷயம் நான் யோசிக்கவே இல்ல.

---

பாலாறு_மணல்

எல்லாரும் ஆபீஸ் பத்தி பேசுறீங்க, ஆத்த யாருமே பேசல. பாலாறு வாணியம்பாடிக்கு மேல ஆந்திராவுலேர்ந்து உள்ள வருது, ஆம்பூர், அப்புறம் வேலூர், அப்புறம் ஆற்காடு ராணிப்பேட்டை. முன்னாடி இந்த நீளம் முழுக்க ஒரு கலெக்டர். இப்போ மூணு பேர். மழைக்காலத்துல மாராப்பட்டு பாலத்துக்கிட்ட நொரை பொங்கி மெத்தை மாதிரி நிக்கும், ஃபோட்டோ எடுத்து போடுவோம், அது திருப்பத்தூர் மாவட்டம். அந்தத் தண்ணி கீழ வந்து எங்க கெணத்துல எறங்குது, நாங்க வேலூர் மாவட்டம். யார்கிட்ட மனு குடுக்கறது? இங்க குடுத்தா அது மேல இருக்கற மாவட்டம்மாங்க, அங்க போனா சாம்பிள் எடுத்து அனுப்பியாச்சும்பாங்க. மழை பேஞ்சா தோல் கம்பெனி கழிவ திறந்து விடறதுன்னு ஊருக்கே தெரியும், சாம்பிள் எடுக்க வர்றதுக்குள்ள வெள்ளம் வந்து எல்லாத்தையும் கழுவிட்டு போயிடும்.

1996லயே வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, மாசு பண்ணவன்தான் காசு கட்டணும்னு. அப்புறம் 2025 ஜனவரி 30ல மறுபடி ஒரு தீர்ப்பு, பாதிக்கப்பட்ட விவசாயிங்களுக்கு பாக்கி நஷ்டஈட்ட அரசு முதல்ல குடுத்துட்டு கம்பெனிங்ககிட்ட வசூல் பண்ணணும், ரிட்டயர்டு ஐகோர்ட் ஜட்ஜ் தலைமையில கமிட்டி போடணும்னு. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆச்சு பாருங்க. ஆம்பூர் ஆளுங்கள திட்டறதுக்காக சொல்லல, அங்க இருக்கற தொழில்ல எங்க ஊர் ஜனமும்தான் சம்பளம் வாங்குது, அதனாலதான் யாரும் சத்தமா பேசறதில்ல. ஆனா ஒரே ஆத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கணும், மாவட்ட எல்லைய பாக்காத ஆளா இருக்கணும். பிரிச்சப்போ இதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கணும்ல?

---

கே.வி.குப்பம்_கடலை

இது வேலிட் பாயிண்ட். ஆனா ஒரே கலெக்டர் இருந்த காலத்துலயும் நொரை வந்துட்டுதானே இருந்துச்சு பாஸ்.

---

பாலாறு_மணல்

வந்துச்சு. அப்போ திட்டறதுக்கு ஒரு அட்ரஸ் இருந்துச்சு.

---

காட்பாடி_ஜங்ஷன்

செய்யாறு ஆரணி நண்பர்களுக்கு ஒரு தகவல், இப்போ அவசரப்பட்டு பிரயோஜனமில்ல. 2027 மக்கள்தொகை கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31க்கு மேல மாவட்டம் தாலுக்கா எல்லைய மாத்தக்கூடாதுன்னு மத்திய அரசு சொல்லியிருக்கு, கணக்கெடுப்பு முடிஞ்ச பிறகுதான் எதுவும். அதுக்குள்ள எந்தெந்த கிராமம் எந்தப் பக்கம் போகணும்னு பஸ் ரூட்ட வச்சு ஒரு லிஸ்ட் போட்டு கையில வச்சுக்கோங்க. எங்க விஷயத்துல தாலுக்கா தாலுக்காவா மொத்தமா வெட்டுனாங்க, கிராமம் கிராமமா கேட்டிருந்தா ஆம்பூர் பைபாஸ் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டாரு.

---

ஏலகிரி_அடிவாரம்

கேட்டிருப்பாரு. ஆம்பூர்காரங்க அப்பவும் கேப்பாங்க 😄