இரும்புக்குக் கறள், அலுமினியத்துக்கு என்ன?

வணக்கம்.

உலோகத்தின் மேல் தானாக உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் அந்த உலோகத்தையே காப்பதை ஆங்கிலத்தில் passivation என்பார்கள். அதற்குத் தமிழாக அண்ணா ஒருவர் நேற்று இங்கே முன்வைத்த 'செயலறுநிலையாக்கல்' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. அலுமினியம் செயலற்ற உலோகமா? வெட்டிய முகத்தில் வளி பட்ட உடனேயே ஒட்சிசனோடு சேர்ந்து அலுமினியம் ஒட்சைட்டு ஆகிவிடுகிறது. அந்தப் படலம் சில நனோமீற்றர் தடிப்புத்தான். ஆனால் இடைவெளியில்லாமல் உலோகத்தோடு ஒட்டி நிற்பதால் ஒட்சிசன் அதற்குக் கீழே போக முடிவதில்லை. சுரண்டினாலும் அந்த இடத்தில் மறுபடி உண்டாகிவிடும்.

இரும்பின் கதை வேறு. வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இருக்கிறோம். பல்கனிக் கம்பிக்கு எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் கறள் உள்ளிருந்து பொருக்குப் பொருக்காகக் கிளம்புகிறது. நகத்தால் நோண்டினால் செம்மண் மாதிரி உதிர்ந்து, அடியில் இரும்பு தெரியும். உப்புக்காற்றும் ஈரமும் பிறகு அதைப் பிடிக்கும். கறள் என்பது நீரேறிய இரும்பு ஒட்சைட்டு. அழிந்த இரும்பைவிட அது கூடிய இடம் எடுப்பதால் ஒட்டி நிற்காமல் வெடித்து உதிர்கிறது.

இரண்டும் ஒட்சியேற்றம்தான். ஒன்று உலோகத்தைத் தின்கிறது, மற்றது காக்கிறது. இரண்டையும் 'துரு' என்றால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். இரும்புக்குக் கறள் இருக்கிறது. செம்புக்குக் களிம்பு இருக்கிறது, அதைச் சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்கே உவமையாக்கியது. அலுமினியமோ 1886இல் மின்பகுப்பு முறை வந்த பிறகுதான் மலிந்தது, அதற்குப் பழஞ்சொல் எங்கே இருக்கும்?

'காப்புப்படலம்' என்றால் பூசிய பெயின்றும் அதுதானே. தானாக உண்டாவது சொல்லிலேயே தெரிய வேண்டும். காய்ச்சிய பாலை ஆறவிட்டால் மேலே தானாகப் படிவது ஆடை. எடுத்துவிட்டாலும் திரும்பப் படியும். ஆகவே பெயர்ச்சொல்லாக 'ஒட்சியாடை', வினையாக 'ஆடைகட்டல்' என்று வைக்கலாம். தமிழ்நாட்டு நண்பர்கள் 'ஆக்சைடு ஆடை' என்றாலும் ஆடை பொதுவாக நிற்கும்.

வசனத்தில் வைத்துப் பார்த்தேன். "அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் அமிலம் ஒட்சியாடையைக் கரைத்துவிடும்." "கடலுப்பின் குளோரைட்டு ஒட்சியாடையைத் துளைத்துக் குழி விழுத்தும்." "மின்னோட்டத்தால் ஒட்சியாடையைத் தடிப்பாக்கலாம்." மூன்றும் இடறவில்லை.

உயர்தர இரசாயனம் படிப்பிக்கிறவர்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் விளக்கம் கேட்காமலே பிடித்துக்கொள்கிறார்களா என்று எழுதுங்கள்.