வால்பாறை ஏற்றத்தில் 1.5 டிஎஸ்ஐ தயங்குகிறது: ரீமேப் செய்யலாமா, வாரண்டி போய்விடுமா?

பொள்ளாச்சிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கார் எடுத்து எட்டு மாதம், 9,400 கிலோமீட்டர். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின், 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். நெடுஞ்சாலையில் குறையே சொல்ல முடியாது. மலையில்தான் சிக்கல். மாதம் இரண்டு முறை வால்பாறையில் மாமனார் வீட்டுக்குப் போகிறோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி வேறு. வளைவில் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி வண்டி சும்மா நிற்கிற மாதிரி இருக்கும், அப்புறம் திடீரென்று பாயும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது வியர்த்துவிடுகிறது.

கோவையில் ஒரு ட்யூனரைப் பார்த்தேன். ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சினின் மென்பொருளை மட்டும் மாற்றுவது) போட்டால் 190 பிஎஸ் சக்தி, 320 என்எம் டார்க் (இழுவிசை) வரும் என்கிறார். நாற்பதாயிரம் ரூபாய். சர்வீசுக்கு முன்னால் பழைய ஃபைலை ஏற்றித் தருவாராம், யாருக்கும் தெரியாதாம். டோக்கனாக இரண்டாயிரம் கொடுத்துவிட்டேன் (வீட்டில் இன்னும் சொல்லவில்லை). வாரண்டி பெரும்பகுதி பாக்கி இருக்கிறது. என்ன செய்யலாம்?

டர்போ பிரியன்:
ப்ரோ, யோசிக்காமல் போடுங்க. நான் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, ஒரு எரர் கூட வந்ததில்லை. வண்டியே வேற மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி வேண்டுமென்றே அடக்கி வைத்திருப்பதைத் திறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

பழைய ஸ்பேனர்:
டர்போ பிரியன் தம்பி, உங்கள் வண்டி மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? வாரண்டி இருக்கும்போது போட்டீர்களா, முடிந்த பிறகா?

டர்போ பிரியன்:
மேனுவல். வாரண்டி முடிந்துதான் அண்ணா.

பழைய ஸ்பேனர்:
அப்படியென்றால் உங்கள் கணக்கு வேறு, இவர் கணக்கு வேறு.

பொள்ளாச்சிக்காரன் தம்பி, இந்த எஞ்சினுக்கு 250 என்எம் முழுதாகக் கிடைப்பது 1600 முதல் 3500 ஆர்பிஎம் வரை. கொண்டை ஊசியில் டி மோடில் (சாதாரண ஓட்டம்) திரும்பும்போது கியர்பாக்ஸ் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இரண்டாம் கியரிலேயே உட்கார்ந்திருக்கும். அப்போது ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது? 1200, 1300 பக்கம் என்றால் டர்போவைச் சுழற்றப் போதுமான புகையே வராது. அந்த ஒரு நொடி அதனால்தான். ரீமேப் கூட்டித் தருவதில் பெரும்பகுதி 2000க்கு மேலே. உங்கள் வலி 1300இல். தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்ப்பது போல ஆகிவிடும்.

அடுத்தது கியர்பாக்ஸ். உங்களுடையது டிகியூ200 என்கிற வகை. இரண்டு கிளட்சும் உலர் கிளட்ச். எண்ணெயில் முழுகி இருக்காது, சூடு காற்றில்தான் ஆற வேண்டும். அதை வடிவமைத்ததே 250 என்எம் வரைக்கும். உங்கள் எஞ்சின் ஷோரூமிலிருந்து வந்த அன்றே அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதன் தலையில் 320 ஏற்றி, ஐந்து பேரோடு, முதல் கியரில் ஊர்ந்து மலை ஏறினால் யார் தாங்குவது?

அடுத்த முறை போகும்போது எஸ் (ஸ்போர்ட்) மோடில் ஓட்டுங்கள். அல்லது லீவரை மேனுவலுக்குத் தள்ளி, வளைவுக்கு முன்பே கியர் இறக்குங்கள். முள் 2000க்குக் கீழே வராமல் பார்த்துக்கொண்டு, எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

சர்வீஸ் கவுண்டர்:
நான் இந்தக் குழுமத்தின் கார்களுக்கு சர்வீஸ் அட்வைசராக இருந்தவன். 'யாருக்கும் தெரியாது' என்பதை நம்ப வேண்டாம் சார். எங்கள் டயக்னோஸ்டிக் கருவி ஆன்லைனில் கம்பெனியோடு இணையும். ஈசியுவில் (எஞ்சினை இயக்கும் கணினி) உள்ள மென்பொருளின் செக்சம் (சரிபார்ப்பு எண்) கம்பெனிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சேசிஸ் எண்ணுக்கு டிடி1 என்று குறி விழும். அது மையப் பதிவில் உட்கார்ந்துவிடும். எந்த ஊர் டீலரிடம் போனாலும் கண்ணில் படும். அப்புறம் எஞ்சின், டர்போ, கியர்பாக்ஸ் கிளெய்ம் எல்லாம் மறுக்கப்படும். ஏசி, பவர் விண்டோ மாதிரி சம்பந்தமில்லாதவற்றுக்கு வாரண்டி தொடரும்.

பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல ஈசியுக்களில் அப்படியே இருக்கும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. வண்டி சர்வீஸ் தேதி பார்த்து நிற்காது. மலைவழியில் அட்டகட்டியில் பழுதாகி நின்றால் டோ வண்டியில் நேராக எங்களிடம்தான் வரும். நடுவில் ட்யூனர் கடைக்குப் போக முடியாதே?

பொள்ளாச்சிக்காரன்:
நன்றி சார். அப்படியானால் ட்யூனிங் பாக்ஸ்? ஈசியுவைத் தொடாமல் வெளியே மாட்டி, சர்வீசுக்கு முன் கழற்றிவிடலாம் என்கிறார்களே?

பழைய ஸ்பேனர்:
அது இன்னும் மோசம், உங்கள் கியர்பாக்ஸுக்கு. பாக்ஸ் என்ன செய்கிறது? டர்போ அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்கிறது. ஈசியு அதை நம்பி டர்போவை இன்னும் அழுத்துகிறது. கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைக் கியர்பாக்ஸ் முடிவு செய்வது ஈசியு சொல்லும் டார்க் கணக்கை வைத்து. அங்கே போவது பொய்க் கணக்கு. 250க்கு இறுக்கிய கிளட்ச் வழியாக 300 வந்தால் வழுக்கும், சூடேறும், தேயும். நல்ல ரீமேப்பிலாவது டார்க் கணக்கைச் சேர்த்துத் திருத்துவார்கள்.

திருப்பூர் டீசல்:
என் கதையையும் கேளுங்கள். முந்தைய பிஎஸ்6 டீசலில் ரீமேப் போட்டேன். ஆறு மாதம் சொர்க்கம். ஆனால் அதிக டீசல் என்றால் அதிக கரி. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடிக்கடி அடைத்தது. ஊருக்குள் குட்டிக் குட்டி ஓட்டம் என்பதால் தானாக எரித்துச் சுத்தம் செய்துகொள்ளவும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஃபில்டருக்கு வாரண்டி கேட்டேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்கள், வாயை மூடிக்கொண்டு பணம் கட்டினேன்.

ஆர்சி புக்:
சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டில் எந்தப் போலீசும் ஈசியுவைத் திறந்து பார்க்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால் பெரிய விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கலாம். சொல்லாமல் மாற்றியது அங்கே வம்பாகும்.

டர்போ பிரியன்:
சரி, என் வண்டி மேனுவல் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டிகியூ200இல் நானும் போட மாட்டேன்.

பொள்ளாச்சிக்காரன்:
நேற்று போய்வந்தோம். அதே ஐந்து பேர், அதே சாமான். முதல் பத்து வளைவு வேண்டுமென்றே டி மோடில் ஓட்டி முள்ளைப் பார்த்தேன். ஸ்பேனர் அண்ணா சொன்னபடியே 1200, 1300. பிறகு எஸ்ஸில் போட்டேன். வளைவிலிருந்து வெளியே வரும்போது மிதித்த உடனே இழுக்கிறது, அந்த ஒரு நொடி இல்லை. சத்தம் கூடுகிறது, பெட்ரோலும் கூடக் குடிக்கிறது: ஏற்றத்தில் லிட்டருக்கு 8 தான் காட்டியது. மேனுவலில் கியர் இறக்கி ஓட்டினால் கொஞ்சம் மிச்சமாகிறது, ஆனால் 40 வளைவுக்கும் லீவரைத் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை.

ரீமேப் வேண்டாம் என்று ட்யூனரிடம் சொல்லிவிட்டேன். டோக்கனைத் திருப்பித் தர முடியாதாம், அதற்குப் பதில் ஏர் ஃபில்டர் மாட்டித் தருகிறாராம். அதை மாட்டினால் வாரண்டிக்கு ஏதாவது ஆகுமா?

சர்வீஸ் கவுண்டர்:
கம்பெனி ஃபில்டரையே புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பில்லை மறக்காமல் வாங்கி வையுங்கள்.