"கட்டு, இல்லாட்டி ஓடு"வாம்! 9.99, 14.99, 119.88: அடோபியின் 20 ஜிபி போட்டோகிராபி திட்டத்தில் எது மாதச் சந்தா?

கேட்லாக்காவலன்:
பக்கத்து இழையில ஒளிவாங்கி எழுதினது இது: "அடோபி போட்டோகிராபி திட்டம் 9.99 டாலர்ல இருந்து 14.99 ஆயிடுச்சு. மாதச் சந்தாக்காரனுக்கு வேற வழியே இல்ல. கட்டு, இல்லாட்டி ஓடு." இதுக்கு ஆளாளுக்கு கைதட்டல் வேற.

ஏற்றம் உண்மை. 2025 ஜனவரி 15-க்குப் பிறகு வர்ற புதுப்பிப்புல இருந்து 20 ஜிபி திட்டத்தோட (லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும், கூட மேகத்துல 20 ஜிபி இடம்) மாதத் தவணை 14.99. புது ஆளுக்கு அந்தத் திட்டம் விற்பனையிலேயே இல்ல. ஆனா ஏற்கெனவே உள்ள இருக்கிறவன் ஆண்டுத் தொகையை மொத்தமா முன்கூட்டியே கட்டினா அதே பழைய 119.88. இதையும் அதே அறிவிப்புலதான் சொன்னாங்க. 14.99-ஐ பன்னிரண்டால பெருக்கினா 179.88. வித்தியாசம் சரியா 60 டாலர். இன்னொரு விதமா பாருங்க: புது விலையில எட்டு தவணை கட்டினா 119.92. அந்தக் காசுக்கு முன்பணக்காரனுக்கு வருஷம் முழுக்க ஓடுது.

இன்னொண்ணு. "மாதச் சந்தா"ன்னு ஒண்ணு இந்தத் திட்டத்துல கிடையாது. அது ஆண்டு ஒப்பந்தம், பன்னிரண்டு தவணை. வார்த்தையைச் சரியா போடுங்க.

ஒளிவாங்கி:
மாசாமாசம் கார்டுல காசு போகுது. அது மாதச் சந்தா. இதுக்கு அகராதி வேணுமா? மொத்தமா கட்ட முடியாதவனைப் பத்தித்தான் நான் பேசினேன். அவனுக்கு வழி இல்லங்கறது நிஜம்தானே?

கேட்லாக்காவலன்:
வீட்டுக் கடனுக்கும் மாசாமாசம்தான் காசு போகுது. அதை மாத வாடகைன்னு சொல்வீங்களா?

நிஜமான மாதச் சந்தா எதுன்னு தெரியணும்னா ஃபோட்டோஷாப் தனித் திட்டத்தோட விலைப் பட்டியலைப் பாருங்க. ஆண்டு ஒப்பந்தம், தவணையில கட்டினா மாசம் 22.99. எப்ப வேணா நிறுத்துற அசல் மாதச் சந்தா 34.49. ரெண்டும் மாசாமாசம்தான் போகுது. ரெண்டும் ஒண்ணுன்னா அந்த 11.50 எதுக்கு?

ஒளிவாங்கி:
நான் 20 ஜிபி பத்திப் பேசறேன், நீங்க 34.49-க்குத் தாவறீங்க. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. மாசாமாசம் போகுது. அவ்வளவுதான்.

புதுக்கண்:
அண்ணே, என் கணக்குல "ஆனுவல், பில்ட் மன்த்லி"ன்னு இருக்கு. இது எந்த வகை? ஆனுவலா மன்த்லியா?

கேட்லாக்காவலன்:
தம்பி, முதல் வார்த்தைதான் ஒப்பந்தம், மத்தது பணம் கட்டுற விதம். 14 நாளுக்குள்ள ரத்து பண்ணினா முழுக்காசும் திரும்பும். அதுக்கப்புறம் நடுவுல நிறுத்தினா மீதி மாசத் தவணையில பாதி அபராதம். 14.99-ல எட்டு மாசம் பாக்கின்னா 59.96 டாலர். இதை வாடிக்கையாளர் கண்ணுல படாம மறைச்சதாகவும், ரத்து பண்றதை வேணும்னே சிக்கலாக்கினதாகவும் சொல்லித்தான் 2024 ஜூன்ல அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பரிந்துரைச்சு, அந்த நாட்டு நீதித்துறை அடோபி மேல வழக்கே போட்டது. அதெல்லாம் தெரிஞ்ச பிறகும் சிலர் இதை மாதச் சந்தான்னு சொல்றாங்க. சொல்லட்டும்.

ஒளிவாங்கி:
ஜனங்க குழம்பி ஏமாந்தாங்கன்னு ஆணையமே சொல்லுது. நீங்க மட்டும் தெளிவா இருக்கீங்க. வாழ்த்துகள்.

ஆல்பம்பட்டறை:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. வேற சுலபமான வழி இருக்கு. கணக்குல போய் ரத்து பட்டனை அமுக்குங்க. காரணம் கேட்கும், "விலை அதிகம்"னு போடுங்க. அடுத்த பக்கத்துல ரெண்டு மாசம் இலவசம், இல்ல தள்ளுபடின்னு ஏதாவது நீட்டுவான். வாங்கிக்கிட்டு வெளிய வந்துடுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

அபராதம் வந்தா அதுக்கும் வழி உண்டு. வேற திட்டத்துக்கு மாறுங்க. புது ஒப்பந்தம், புது 14 நாள். அதுக்குள்ள ரத்து பண்ணினா அபராதம் பூஜ்யம்.

கேட்லாக்காவலன்:
20 ஜிபிக்காரனுக்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது. யாரும் அவசரப்பட்டு அமுக்கிடாதீங்க.

முதல் விஷயம், அந்தச் சலுகை கட்டாயம் வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. கணக்குக்குக் கணக்கு மாறும். வராம கடைசிப் பக்கம் வரைக்கும் போய் உறுதி பண்ணிட்டீங்கன்னா 20 ஜிபி போச்சு. புது ஆளுக்கு விற்காத திட்டம்னு மேலேயே சொன்னேன். நீங்க திரும்பி வரும்போது புது ஆள்தான். திட்டம் மாத்துற தந்திரத்துக்கும் அதே கதிதான். அபராதம் மிச்சமாகும், 119.88-க்கான கதவு சாத்திக்கும். அப்புறம் ஃபோட்டோஷாப் வேணும்னா 1 டிபி திட்டம், மாசம் 19.99. மொத்தமா வெளியேறணும்னு முடிவு பண்ணினவனுக்கு மட்டும்தான் அந்தத் தந்திரம்.

ஆல்பம்பட்டறை:
சலுகை வந்தவங்க ஆயிரம் பேர். உங்களுக்கு வரலைங்கறதுக்காக ஊரையே பயமுறுத்தாதீங்க.

நெல்லைநெகட்டிவ்:
20 ஜிபி, 1 டிபின்னு ஏன் இவ்வளவு பதற்றம்? லைட்ரூம் கிளாசிக் (கம்ப்யூட்டர்லயே படத்தை வச்சு ஓடுற லைட்ரூம்) மட்டும் பயன்படுத்துறவனுக்கு அந்த எண்ணே வேண்டாத எண். அசல் கோப்பெல்லாம் உங்க ஹார்ட் டிஸ்க்ல. கிளாசிக்ல இருந்து மேகத்துக்கு சிங்க் ஆகிறது ஸ்மார்ட் பிரிவியூங்கற சின்ன நகல் மட்டும், நீளப்பக்கம் 2560 பிக்சல். அது சேமிப்பு அளவுல கணக்கே ஆகாது. போன்ல இருந்து ஏத்துற அசல் படம்தான் 20 ஜிபியைத் தின்னும். ஃபோட்டோஷாப்பே தொடாதவன்னா லைட்ரூம் 1 டிபி திட்டம் 11.99-க்கு இருக்கு, இப்ப அதுலயே கிளாசிக்கும் சேர்ந்து வருது.

ஒளிவாங்கி:
பாருங்க, இவரும் 11.99-னு மாசக் கணக்குலதான் சொல்றார். மாதச் சந்தா.

கேட்லாக்காவலன்:
மாசக் கணக்குல விலை சொல்றது வேற, மாதச் சந்தா வேற. வருஷச் சம்பளத்தை மாசக் கணக்குல சொன்னா நீங்க தினக்கூலியா?

இருட்டறை:
என்ன சண்டை இது. லைட்ரூமுக்குப் பதிலா டார்க்டேபிள் இலவசம், ராதெரபி இலவசம், ஃபோட்டோஷாப்புக்குப் பதிலா ஜிம்ப் 3.0 2025 மார்ச்ல வந்தாச்சு, ஃபில்டரைப் பிறகும் திருத்தலாம். வாடகை வீட்டுக்கு ஏன் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டிருக்கீங்க?

ஆல்பம்பட்டறை:
வந்துட்டாரு. ஆல்பம் டிசைனர் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு) கேட்டா ஜிம்ப்ல திறந்து, பிறகும் திருத்தக்கூடிய ஸ்மார்ட் ஆப்ஜெக்டையெல்லாம் தட்டையாக்கிக் கொடுங்க, கையெடுத்துக் கும்பிடுவாங்க.

இருட்டறை:
அப்ப அஃபினிட்டி எடுத்துக்கோங்க, அதுவும் படம் திருத்துற மென்பொருள்தான். 2025 அக்டோபர்ல இருந்து அதுவும் இலவசம். கேன்வா கணக்கு ஒண்ணு போதும், ஏஐ வசதிக்கு மட்டும்தான் காசு.

ஆல்பம்பட்டறை:
2024-ல கேன்வா வாங்கினான், 2025-ல இலவசமாக்கினான், அடுத்து என்ன பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்? அதுல கேட்லாக்கும் (எல்லாப் படத்தையும் வகைபிரிச்சு வைக்கிற பட்டியல்) கிடையாது. நாலாயிரம் கல்யாணப் படத்தை எதை வச்சுத் தரம் பிரிப்பீங்க, கண்ணாலயா?

கேட்லாக்காவலன்:
இருட்டறை சொல்றதை அப்படியே கேட்டு இன்னிக்கே ரத்து பண்ணிடாதீங்க. கிளாசிக்ல படம் திருத்துற டெவலப் மாட்யூலும் மேப்பும் பூட்டிக்கும், சிங்க் நிற்கும். லைப்ரரி, எக்ஸ்போர்ட், பிரிண்ட் எல்லாம் தொடர்ந்து ஓடும். அதனால படம் போயிடும்னு அழவேண்டாம். மேகத்துல இருக்கிற அசல் கோப்பை ஒரு வருஷம் வச்சிருப்பான், அதுக்குள்ள இறக்கிடணும்.

வெளியேறுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இருக்கு. லைப்ரரியில கிரிட் பார்வைக்குப் போய் கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + எஸ். கேட்லாக்ல இருக்கிற ஸ்டார், கீவேர்ட், டெவலப் அளவு எல்லாம் எக்ஸ்எம்பியில (படத்தோட போற குறிப்பு) எழுதிடும். ரா கோப்புன்னா (கேமராவோட அசல் கோப்பு) பக்கத்துல தனிக் கோப்பா, டிஎன்ஜி (அடோபியோட ரா வடிவம்), ஜேபெக்னா உள்ளேயே. பெரிய கேட்லாக்னா நேரம் பிடிக்கும், நடுவுல மூடாதீங்க.

எக்ஸ்எம்பியில போகாதது: கலெக்‌ஷன், வர்ச்சுவல் காப்பி (ஒரே படத்துக்கு இன்னொரு திருத்தம்), ஸ்டாக் (ஒண்ணா அடுக்கின படங்கள்), ஹிஸ்டரி (திருத்தின வரிசை). இங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. ஒவ்வொரு கலெக்‌ஷனையும் திறந்து, எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து, அதன் பேரையே கீவேர்டா போட்டுட்டு அப்புறம் கன்ட்ரோல் + எஸ். வர்ச்சுவல் காப்பியை டிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணினா தனிக் கோப்பா அளவோட வந்துடும். முடிச்சுக் கொடுத்த படத்தை 16 பிட் டிஃப் கோப்பா எடுத்து வச்சுக்கோங்க. 24 மெகாபிக்சலுக்கு சுருக்காம ஒண்ணு 144 எம்பி வரும், டிஸ்க்ல இடத்தைப் பார்த்துக்கோங்க. இடம் மிச்சமாகும்னு ஜிப் சுருக்கம் போட்டா 16 பிட்ல, அதுவும் நாய்ஸ் நிறைய இருக்கிற படத்துல, சில நேரம் இன்னும் பெருசாகும்.

இருட்டறை:
அதான் டார்க்டேபிள் அந்த எக்ஸ்எம்பியைப் படிக்குமே. அப்புறம் எதுக்கு இத்தனை டிஃப்?

கேட்லாக்காவலன்:
எதைப் படிக்கும்? ஸ்டார், நிற லேபிள், கீவேர்ட், ஜிபிஎஸ், கிராப், கூட இன்னும் சில அளவு. மாஸ்க் வராது. நிறமும் தொனியும் அதே மாதிரி வராது, ரெண்டும் வேற வேற கணக்குல ஓடுது. கோப்புப் பேரே வேற: லைட்ரூம்ல படத்தோட பேர், புள்ளி, எக்ஸ்எம்பி. டார்க்டேபிள்ல ரா நீட்டிப்பும் நடுவுல நிற்கும். ரெண்டும் ஒரே ஃபோல்டர்ல கிடக்கும், எது எதுன்னு தெரியாம ஒருத்தன் அழிப்பான். இன்னொண்ணு, நிக்கான் இசட்8-ல ஹை எஃபிஷியன்சி ராவுல எடுத்திருந்தா டார்க்டேபிள் திறக்காது. டிஎன்ஜி கன்வர்ட்டர்ல போட்டு மாத்தணும். அதுவும் இலவசம்தான், ஆனா அடோபியோடது. உங்க சுதந்திரத்துக்கு அடோபி வாசல் வழியா போகணும், பரவாயில்லையா?

இருட்டறை:
டிஎன்ஜி மாத்திட்டா போச்சு. நீங்களே வழி சொல்லிட்டு நீங்களே கேலி பண்றீங்க. லைட்ரூம் 6 (சந்தா இல்லாம ஒரே தடவை வாங்குற பழைய பதிப்பு) சண்டையில தோத்ததுக்கு இன்னும் பழி வாங்கறீங்க போல.

கேட்லாக்காவலன்:
யாரு தோத்தா? 6-ஐ ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும்னு சொன்னது நீங்க. கடைசித் திருத்தம் 6.14, 2017 டிசம்பர். மேப் 2018 நவம்பரோட செத்தது. அதோட இன்ஸ்டாலர் 32 பிட், மேக்ல 2019-ல வந்த கேட்டலினா பதிப்புல இருந்து ஓடாது. இப்பத்திய கேட்லாக்கை அது திறக்கவும் திறக்காது. விண்டோஸ்ல ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்தா, புது கேமரா ராவை டிஎன்ஜியா மாத்தி அதுல ஓட்டலாம், கம்பாட்டிபிலிட்டியை பழைய கேமரா ரா பதிப்புக்கு இறக்கி வச்சு. அதை மட்டும் அன்னிக்கே ஒத்துக்கிட்டேன்.

இருட்டறை:
ஒத்துக்கிட்டதா சொல்றதை இன்னிக்குத்தான் கேட்கறேன். பதிவு பண்ணி வச்சுக்கறேன்.

ஒளிவாங்கி:
தலைப்புக்கு வாங்க. காவலனோட பெரிய வழியில ஓட்டை இருக்கு. முன்பணம் கட்டி 14 நாள் தாண்டினா ஒரு பைசா திரும்பாது. மாதச் சந்தாக்காரன் அபராதம் கட்டியாவது பாதி வழியில இறங்கலாம்.

கேட்லாக்காவலன்:
இறங்கிப் பார்ப்போம். புது விலையில நாலு மாசம் கட்டி நிறுத்தறான்: 59.96. மீதி எட்டு மாசத்துக்கு அபராதம் 59.96. மொத்தம் 119.92. நாலு மாசம் பயன்படுத்தினவன் கட்டினது, வருஷம் முழுக்கப் பயன்படுத்துறவன் கட்டினதைவிட 4 சென்ட் கூட. அதுக்கு முன்னாடியே இறங்கினாத்தான் லாபம். நாலாவது மாசத்துல இருந்தே நஷ்டம். அபராதம் இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க, கவனிச்சீங்களா? மாதச் சந்தாவுல அபராதம் ஏது?

ஒளிவாங்கி:
4 சென்ட்டுக்கு ஒரு பேருரை. மாசாமாசம் போகுதா இல்லையா, ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.

புதுக்கண்:
அண்ணே, வங்கி ஆப்ல ஆட்டோபேவை நிறுத்திட்டா ரத்து ஆயிடாதா?

நெல்லைநெகட்டிவ்:
ஆகாது தம்பி. காசு போறதுதான் நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. கட்டணம் தோத்தா கணக்கு முடங்கும். காவலன் சொன்ன 20 ஜிபி கழன்றுபோறதுக்கு அது குறுக்குவழி. இந்திய கார்டுன்னா 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி இல்லாமலே போயிடும். ஆனா காசு எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி வங்கியில இருந்து தகவல் வரணும்னு ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜை விளம்பரம்னு நினைச்சுத் தள்ளிடாதீங்க. அதைவிட, புதுப்பிப்புத் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே கணக்குப் பக்கத்துல போய் முன்பணத்துக்கு மாத்தற வழி தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா சாட்ல கேளுங்க. "ரத்து"ங்கற வார்த்தையையே எடுக்காதீங்க, "அதே 20 ஜிபி, ஆண்டு முன்பணம்"னு மட்டும் சொல்லுங்க. உறுதி மின்னஞ்சல்ல திட்டத்தோட பேரும் 20 ஜிபியும் இருக்கான்னு படிச்சுட்டு சாட்டை மூடுங்க.

ஆல்பம்பட்டறை:
சாட்ல கேட்டா அவங்களே சலுகை கொடுப்பாங்க. நான் சொன்னதுதான் திரும்பி வருது.

கேட்லாக்காவலன்:
நீங்க சொன்னது ரத்து பட்டன். இவர் சொன்னது ரத்துங்கற வார்த்தையே வேண்டாம்னு. எப்படி ஒண்ணாகும்?

நெல்லைநெகட்டிவ்:
ரெண்டு பேரும் என்னை விட்டுடுங்க. நான் யார் கட்சியும் இல்ல.

ஒளிவாங்கி:
காவலன் இன்னும் பதில் சொல்லலை. மாசாமாசம் போகுதா இல்லையா?

கேட்லாக்காவலன்:
தவணை போகுது.

ஒளிவாங்கி:
மாசாமாசம்?

கேட்லாக்காவலன்:
ஆண்டு ஒப்பந்தத்தோட தவணை. மேல 34.49 கணக்கைத் திரும்பப் படிங்க. படிச்சுட்டு அந்த 11.50 எதுக்குன்னு சொல்லுங்க. எத்தனையோ பதிவாச்சு, இன்னும் பதில் வரலை.

இருட்டறை:
ரெண்டு பேருக்கும் சொல்றேன், டார்க்டேபிள்ல இந்தப் பிரச்சினையே கிடையாது.

ஆல்பம்பட்டறை:
மறுபடியுமா!

புதுக்கண்:
அண்ணே, எனக்குப் புதுப்பிப்பு வர்ற செவ்வாய்க்கிழமை. ஒரு மாசம் முன்னாடின்னு சொன்னீங்களே, இப்ப கேட்டா மாத்துவாங்களா?